பழைய காமிக்ஸ் நனைந்துவிட்டதா, கிழிந்துவிட்டதா? செலோ டேப்பைத் தேடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூரு பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டையும் கோல்ஸ் பார்க்கையும் சுற்றியுள்ள தெருக்களில் பழைய ஓட்டு வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. வீட்டை இடிப்பதற்கு முன்போ, வாடகை வீடு மாறும்போதோ பரணைக் காலி செய்வார்கள். பித்தளை அண்டா, உடைந்த தையல் மிஷின் இவற்றோடு ஒரு தகரப் பெட்டியும் இறங்கும். அதற்குள் சணல் கயிற்றால் கட்டிய காமிக்ஸ் கட்டு ஒன்று இருக்கலாம்.

இங்கே அந்தக் கட்டு பல மொழிகளில் இருப்பது ஆச்சரியமல்ல. 1898இல் பெங்களூருவைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பகுதி இது. மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் வைக்கப்பட்டது. இப்போதைய அதிகாரப்பூர்வப் பெயர் புலிகேசி நகர், ஆனால் ஆட்டோக்காரரிடம் அப்படி யாரும் சொல்வதில்லை. கன்டோன்மென்ட் காலம் முதல் தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் எல்லாம் கலந்து புழங்கும் இடம். ஒரே பெட்டியில் சிவகாசி முத்து காமிக்ஸும், பிரிட்டிஷ் கமாண்டோ புத்தகமும், கன்னட அமர் சித்திர கதாவும் சேர்ந்து கிடக்க வாய்ப்புள்ள ஊர்.

பல வருடம் பரணில் பத்திரமாக இருந்த புத்தகத்துக்கு ஆபத்து பெரும்பாலும் கீழே இறங்கிய பிறகுதான் வருகிறது. கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது ஓரம் அறுபடும். பக்கத்தில் வைத்த காபி டம்ளர் சாயும். "என்னடா இது, குடு பாப்போம்" என்று தம்பி ஒரு பக்கம் இழுக்க, அட்டை கையோடு வந்துவிடும். அடுத்து நடப்பதுதான் அதைவிட மோசம். பதறிப்போய் டேப் ஒட்டுவது, வெயிலில் காயவைப்பது, அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்ப்பது. விபத்தில் போனதைவிட, இந்த அவசரச் சிகிச்சையில் போனதுதான் பல நேரங்களில் அதிகம்.

அப்படி ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, இரவல் வாங்கிய புத்தகம் என்றால் யார் பொறுப்பு?

ஒரு கிழிசலுக்கு எவ்வளவு விலை?

உலகில் அதிகம் பேசப்பட்ட காமிக்ஸ் விபத்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், எல்போ லேக் என்ற சிறிய ஊரில் 2013இல் நடந்தது. சுமார் 10,000 டாலருக்கு ஒரு பழைய வீட்டை வாங்கியவர், சுவரைப் பிரித்தபோது உள்ளே அடைத்திருந்த பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே ஒரு காமிக்ஸைக் கண்டார். அது ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய, 1938ஆம் ஆண்டு வெளிவந்த புத்தகம்.

வீட்டில் எல்லோருக்கும் உற்சாகம். உறவினர் ஒருவர் அதைக் கையில் எடுக்க, இவர் திரும்பப் பிடுங்க, பின்னட்டை கிழிந்துவிட்டது. தர மதிப்பீட்டில் பத்துக்கு 1.5 மட்டுமே கிடைத்தது. அப்படியிருந்தும் ஏலத்தில் 1,75,000 டாலருக்குப் போனது. அந்தக் கிழிசலால் மட்டும் சுமார் 75,000 டாலர் போயிருக்கும் என்பது ஏலம் விட்டவர்களின் கணக்கு. வீட்டின் விலையைப் போல ஏழு மடங்கு.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்தது வேறு மாதிரி. குப்பைத் தொட்டியில் கிடந்த பழைய காமிக்ஸ்களை எடுத்து, ஒரு சிற்பி காகிதக்கூழ் சிலை செய்து காட்சிக்கு வைத்தார். காமிக்ஸ் கடைக்காரர் ஒருவர் சிலையை உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 1963இல் வந்த அவெஞ்சர்ஸ் முதல் இதழும் அதில் ஒட்டப்பட்டிருந்தது. சிலைக்குள் போன புத்தகங்களின் மதிப்பு சுமார் 20,000 பவுண்டு என்று அப்போது செய்தி வந்தது. சிலைக்கு ஆன செலவைவிட, சிலை செய்த காகிதத்தின் விலை அதிகம்!

இந்த விலைகளுக்குப் பின்னால் இருப்பது அமெரிக்காவின் தர மதிப்பீட்டு முறை. 2000இல் தொடங்கிய சிஜிசி போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு பிரதியையும் 0.5 முதல் 10 வரை மதிப்பிட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருகின்றன. மூலை மடிப்பு, துருப்பிடித்த பின், மங்கிய மை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் குறையும். 8.5 மதிப்பெண் பெற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் ஒன்று 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு விற்றது. மினசோட்டா பிரதியும் அதுவும் ஒரே புத்தகம்தான், ஒரே அச்சுதான். வித்தியாசம் முழுக்க நிலைமையில் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தெரியாமல் சரிசெய்யப்பட்ட புத்தகத்தைவிட, கிழிந்தபடியே விடப்பட்ட புத்தகத்தைப் பல சேகரிப்பாளர்கள் அதிகம் விரும்புகிறார்கள். வண்ணம் பூசி, ஒட்டுப் போட்ட பிரதிகளுக்கு சிஜிசி ஊதா நிற லேபிள் தனியாக ஒட்டுகிறது. அந்த நிறத்தைப் பார்த்தாலே விலை இறங்கிவிடும்.

நம்ம ஊர் காமிக்ஸுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கா?

டாலர் கணக்கில் இல்லை. ஆனால் வேறொரு கணக்கு இருக்கிறது.

சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ், 1972இல் வந்த 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் வந்த ஸ்டீல் க்ளா தொடரின் தமிழ் வடிவம் அது. அவருடைய மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. இவற்றுக்கு முன்பே, 1964 முதல் 1990 வரை, டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் வேதாளரையும் மாண்ட்ரேக்கையும் பல இந்திய மொழிகளில், தமிழிலும் கொண்டுவந்தது.

பெங்களூருக்கென்று ஒரு தனிக் கதையும் உண்டு. 1967இல் அனந்த் பாய் தொடங்கியதாக நமக்குத் தெரிந்த அமர் சித்திர கதா, அதற்கு முன்பே கன்னடத்தில் எட்டிப் பார்த்துவிட்டது. மேற்கத்திய தேவதைக் கதைகள்தான் வரிசையின் முதல் பத்து இதழ்கள். ஆங்கில வரிசையில் 'கிருஷ்ணா' 11ஆம் எண்ணில் தொடங்குவதற்கும் அதுதான் காரணம். கர்நாடகத்துப் பரணில் இருந்து இறங்கும் பெட்டியில் சிண்ட்ரெல்லா படம் போட்ட ஒரு நைந்த கன்னட அமர் சித்திர கதா இருந்தால், "இது எதுக்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் சேர்த்து வைப்பதற்காக அச்சடிக்கப்பட்டவை அல்ல. மலிவான காகிதத்தில், படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்காக வந்தவை. ரயிலில் படித்தார்கள், பாதி விலைக்கு மாற்றிக்கொண்டார்கள், லெண்டிங் லைப்ரரியில் சீல் குத்தினார்கள், கடைசியில் அம்மா பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வீடு சொல்லும் கதைதான் இது. "என்கிட்ட முழு செட்டு இருந்துச்சு, காலேஜ் போன நேரத்துல அம்மா போட்டுட்டாங்க" என்று சொல்லாத நாற்பது, ஐம்பது வயதுக்காரர் குறைவு. எனவே பிழைத்த பிரதிகள் கொஞ்சம். அதிலும் அட்டை, எல்லாப் பக்கங்களோடு இருப்பவை இன்னும் கொஞ்சம்.

"அதான் இப்போ ரீப்ரின்ட் போடுறாங்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். பழைய மாயாவி கதைகளைக் கடந்த பத்து வருடங்களில் லயன்-முத்து நிறுவனமே நல்ல காகிதத்தில் மறுபதிப்பு செய்திருக்கிறது. கதை வேண்டும் என்பவருக்கு அது போதும். ஆனால் பழைய இதழில் கதை மட்டுமா இருந்தது? வாசகர் கடிதம், அடுத்த இதழ் அறிவிப்பு, அந்தக் காலத்து மிட்டாய், பேனா விளம்பரம், நிரப்பப்பட்ட குறுக்கெழுத்து, முதல் பக்கத்தில் நீல மையில் எழுதிய பெயர், முகவரி. மறுபதிப்பில் இவை வராது. கிழிந்துபோகும் பக்கம் பெரும்பாலும் முதல் பக்கமோ கடைசிப் பக்கமோதான். அதாவது, வேறெங்கும் கிடைக்காத அந்த விஷயங்கள் இருக்கும் பக்கம்.

விலையைப் பொறுத்தவரை இந்தியாவில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விலைப்பட்டியல் கிடையாது. சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் பேரம் நடக்கும். அவென்யூ ரோடு, சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு மாட்டும். யாராவது ஒரு தொகையைச் சொன்னால் அதை அந்த வாரத்து விலையாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

காகிதம் ஏன் அப்பளம் போல நொறுங்குகிறது?

மலிவுக் காகிதம் மரத்தை அரைத்த கூழில் செய்யப்படுவது. மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கிவிடும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பாகி அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் காகிதத்தின் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அதனால்தான் 1970களின் சிவகாசிப் புத்தகம் ஓரத்தில் மஞ்சளாகவும், நடுவில் ஓரளவு வெளுப்பாகவும் இருக்கிறது. ஓரம்தான் காற்றோடு உறவாடுவது.

அப்படிப்பட்ட பக்கத்தை எச்சில் தொட்டுத் திருப்பினால் மூலை ஒடிந்து கையில் வரும். இதைக் கிழிசல் என்று சொல்ல முடியாது, முறிவு என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது எதிரி நடுவில் அடித்திருக்கும் கம்பி. பெங்களூரு மழைக்காலத்தின் ஈரத்தில் அது துருப்பிடிக்கும். துரு பக்கத்தில் இறங்கி, கம்பியைச் சுற்றியுள்ள காகிதத்தை அரித்துவிடும். வெளியே பார்த்தால் புத்தகம் ஜம்மென்று இருக்கும். விரித்த உடனே நடுத்தாள் கழன்று விழும்.

சென்னையோடு ஒப்பிட்டால் பெங்களூருவின் மிதமான வெப்பம் காகிதத்துக்கு நல்லது. ஆனால் ஜூன் முதல் அக்டோபர் வரை சுவர் ஈரமாக இருக்கும் வீடுகளில் பூஞ்சைக்கும் அது நல்லதாகிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவிகிதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நீடித்தால், காகிதத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். அந்த ஈரத்தைத் தேடி ராமபாணப் பூச்சியும் வரும். அட்டையின் வழவழப்பை மேலாகச் சுரண்டித் தின்னும். கரையான் வந்தால் சுரண்டலோடு நிற்காது.

தண்ணீர் பட்டுவிட்டால் முதலில் என்ன செய்வது?

ஓடு ஒழுகியோ, காபி கொட்டியோ, தரைத்தளத்தில் மழைநீர் புகுந்தோ புத்தகம் நனைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இதுதான்: சுமார் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். அதற்குள் காயவைக்க வேண்டும், அல்லது காயவைக்கும் வேலையைத் தள்ளிப்போட வேண்டும்.

முதல் வேலை, எதையும் திறக்காமல் இருப்பது. நனைந்த காகிதத்துக்குப் பலமே கிடையாது. மூடிய புத்தகத்தை ஒரு தட்டின் மேலோ, கெட்டி அட்டையின் மேலோ வைத்துத் தூக்குங்கள். மேலே உள்ள நீரைச் சுத்தமான வெள்ளைத் துணியாலோ, படம் போடாத டிஷ்யூ பேப்பராலோ ஒற்றி எடுங்கள். துடைக்கக் கூடாது. துடைத்தால் மையும் காகிதத்தின் மேல்தோலும் சேர்ந்து வரும்.

சில பக்கங்கள் மட்டும் ஈரம் என்றால், நான்கைந்து பக்கத்துக்கு ஒரு டிஷ்யூ தாளை இடையில் வைத்து, மின்விசிறி ஓடும் அறையில் நிழலில் வையுங்கள். காற்று அறையில் சுழல வேண்டும், நேராகப் புத்தகத்தின் மேல் அடிக்கக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். நம் வீடுகளில் உடனே கைக்கு வருவது பழைய செய்தித்தாள். அதை வைக்காதீர்கள். அதன் மை ஈரத்தில் இறங்கி, நாளை காலை மாயாவியின் முகத்தில் நேற்றைய தலைப்புச் செய்தி தலைகீழாகத் தெரியும்.

முக்கால்வாசி காய்ந்து, தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கும் நிலையில், இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கலாம். நெளிவு ஓரளவு குறையும். முழு ஈரத்தில் பாரம் வைத்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், மொட்டை மாடி வெயில் மூன்றும் வேண்டாம். வேகமாகக் காயும்போது காகிதம் சுருங்கும், வெயிலில் வண்ணம் வெளுக்கும், அழுக்கு நீரின் ஓரம் பழுப்புக் கோடாக நிரந்தரமாகத் தங்கிவிடும்.

வழவழப்பான அட்டைகள் தனிப் பிரச்சினை. அந்தப் பூச்சு நனைந்து காய்ந்தால் பசை போல மாறும். அடுக்கில் இருந்த பத்துப் புத்தகங்களின் அட்டைகளும் ஒரே பலகையாகிவிடும். காய்ந்தபின் உரித்தால் ஒருவர் படம் இன்னொருவர் மேல் வரும். ஈரமாக இருக்கும்போதே, தாமாகப் பிரிபவற்றை மட்டும் பிரித்து, இடையில் பேக்கரியில் பயன்படுத்தும் பட்டர் பேப்பரை வைக்க வேண்டும். பிரியாதவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

நிறையப் புத்தகம் நனைந்துவிட்டது, நேரமும் இல்லை, ஆளும் இல்லை என்றால் நூலகங்கள் செய்வதையே நீங்களும் செய்யலாம்: உறையவைப்பது. ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூஞ்சை வளர்ச்சி நின்றுவிடும். மை கசிவதும் நிற்கும். பிறகு வாரம் ஒன்றாக எடுத்து நிதானமாகக் காயவைக்கலாம். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் தேவை. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி அந்த அளவுக்குப் போகாது, தனி ஃப்ரீசர் உள்ளதுதான் சரி. வஞ்சிர மீனை நாலு நாளைக்கு வேறெங்காவது வைக்கச் சொல்லி வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கொட்டியது காபியோ டீயோ என்றால், கறை இருக்கட்டும் என்று விடுவதே புத்திசாலித்தனம். பிளீச்சிங், எலுமிச்சை, சோப்பு எதுவும் காகிதத்தைக் கறையைவிட வேகமாக அழிக்கும்.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்துவிட்டால், ஈரமாக இருக்கும்போது துடைக்கக் கூடாது. தேய்ந்து உள்ளே இறங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, என்95 முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கிழிந்துவிட்டால் ஒட்டலாமா?

செலோ டேப் ஒட்டாதீர்கள். ஒட்டிய அன்று அழகாகத்தான் இருக்கும். சில வருடங்களில் அதன் பசை காகிதத்துக்குள் இறங்கி, மஞ்சளாகி, எண்ணெய் பட்டது போல் பக்கத்தைக் கண்ணாடியாக்கிவிடும். பிறகு பிளாஸ்டிக் மட்டும் உதிர்ந்து விழும், கறை நிற்கும். அதை எடுக்க ரசாயனமும் கைதேர்ந்தவரும் வேண்டும். சாதாரணக் கிழிசலை நிரந்தரச் சேதமாக மாற்றும் பொருள் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

மைதாப் பசை? காகிதப் பாதுகாப்பு நிபுணர்களும் கோதுமை மாவுச்சத்தில் செய்த பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது சரி. ஆனால் அது புரதம் நீக்கிச் சுத்திகரித்த மாவுச்சத்து. அதைத் தடவி, ஜப்பானிய டிஷ்யூ எனப்படும் மெல்லிய இழைக் காகிதத்தைக் கிழிசலின் பின்புறம் வைப்பார்கள். அடுப்பில் கிண்டிய மைதா, கரப்பான்பூச்சிக்கும் ராமபாணத்துக்கும் வைத்த விருந்து.

அப்படியானால் என்னதான் செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். கிழிந்த துண்டுகள் எல்லாவற்றையும், விரல் நகம் அளவு உள்ளதைக்கூட, பொறுக்கி ஒரு வெள்ளை உறையில் போடுங்கள். உறையின் மேல் பென்சிலால் இதழ் பெயரையும் பக்கத்தையும் எழுதி, புத்தகத்தோடு வையுங்கள். துண்டு இருக்கும் வரை அந்தப் பக்கத்தைச் சேர்த்துவிடலாம்.

லேமினேஷன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கொலை அது. சூட்டில் உருகிக் காகிதத்தோடு கலந்த பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. உள்ளே அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ரேஷன் கார்டுக்கு அது சரி, காமிக்ஸ் அட்டைக்கு அல்ல.

பைண்டிங்கும் கொஞ்சம் அப்படித்தான். பத்து இதழ்களைச் சேர்த்து காலிகோ துணி போட்டு பைண்டு செய்வது நம் வீடுகளின் பழைய வழக்கம். அது பல கதைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. தனி இதழாக இருந்தவை எடைக்குப் போயின, பைண்டு செய்தவை அலமாரியில் நின்றன. ஆனால் கடைக்காரர் மூன்று பக்கமும் ஓரத்தைச் சீவுவார், முதுகில் துளை போட்டுத் தைப்பார். சில நேரம் அட்டைகளைக் கழற்றியும் விடுவார். இனிமேல் யாரும் செய்ய வேண்டாம். ஏற்கெனவே பைண்டு செய்ததைப் பிரிக்கவும் வேண்டாம்.

இரவல் கொடுத்தது பாழானால் யார் பொறுப்பு?

"மாமா, படிச்சிட்டு பத்திரமா தந்துடுறேன்" என்று வாங்கிப்போனவர் காபிக் கறையோடு திருப்பித் தருகிறார். உறவிலும் நட்பிலும் இது கோர்ட்டுக்குப் போவதில்லை, பேச்சுவார்த்தை நின்றுபோவதோடு முடிந்துவிடும். ஆனாலும் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒருவர் தன் பொருளை ஒரு நோக்கத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்துத் திரும்பப் பெறுவதைத் தனி அத்தியாயமாகவே பேசுகிறது. காசு வாங்காமல் இரவல் கொடுத்தாலும் அது பொருந்தும்.

சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அதே கவனம் போதும் என்கிறது 151ஆவது பிரிவு. அந்தக் கவனத்தோடு இருந்தும் சேதமானால், தனியாக ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பல்ல என்கிறது 152. ஆக, எதிர்பாராமல் ஓடு ஒழுகி நனைந்தால் ஒரு மாதிரி, சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு குழம்பு ஊற்றினால் வேறு மாதிரி.

154ஆவது பிரிவு கடுமையானது. ஒப்புக்கொண்ட நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால், அதனால் வரும் சேதத்துக்கு ஈடு தர வேண்டும். சட்டமே தரும் உதாரணம் ஒரு குதிரை: நீ மட்டும் ஓட்டு என்று கொடுத்த குதிரையை வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுத்தார், அவர் கவனமாகத்தான் ஓட்டினார், குதிரை தவறி விழுந்து அடிபட்டது. வாங்கியவர் பொறுப்பு. குதிரைக்குப் பதில் காமிக்ஸ் என்று வைத்துப் படியுங்கள். "நீ மட்டும் படி" என்று சொல்லிக் கொடுத்ததை அவர் மச்சானுக்கு இரவல் கொடுத்தால் இதே நிலைதான். சொன்ன தேதியில் திருப்பித் தராமல் வைத்திருந்தால், அன்றிலிருந்து வரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்கிறது 161.

எனவே கொடுக்கும்போது அட்டை, பின்னட்டை, நடுப்பக்கத்தை போனில் படம் எடுத்து வாங்குபவருக்கே அனுப்பிவிடுங்கள். எப்போது திரும்ப வேண்டும் என்பதையும் அதே மெசேஜில் எழுதுங்கள். சண்டைக்காக அல்ல, ஞாபகத்துக்காக.

பார்சலில் அனுப்பிக் கசங்கினால் நிலைமை சற்றுக் கடினம். கூரியர் ரசீதின் பின்புறத்துச் சிறு எழுத்துகளில் இழப்பீட்டுக்கு ஒரு சிறிய உச்சவரம்பு இருப்பது வழக்கம். அஞ்சல் துறைக்கு 2023ஆம் ஆண்டின் அஞ்சல் அலுவலகச் சட்டமே பொறுப்பிலிருந்து பெருமளவு விலக்கு தருகிறது. காப்பீடு செய்து அனுப்புவதுதான் வழி. அதைவிட முக்கியம், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து, புத்தகத்தில் டேப் படாமல் கட்டுவது.

வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கிறது. ஆனால் கலைப்பொருள், அரும்பொருள் போன்ற விலையுயர்ந்தவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். "மழையில காமிக்ஸ் போச்சு" என்று பிறகு சொன்னால் எடைக்குப் போடும் விலைகூடக் கிடைக்காமல் போகலாம்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

பரணும் தரையும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். அறையின் உட்சுவரை ஒட்டி, தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு இதழையும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில், பின்னால் அமிலமற்ற அட்டை வைத்து நிறுத்தலாம். ஜவுளிக்கடைக் கவர் மாதிரி வாசனை அடிக்கும் பிவிசி உறை கூடாது. அதிலிருந்து கசியும் பொருள் மையை இழுத்துக்கொள்ளும். உறையின் வாயை டேப் போட்டு ஒட்டுபவர்கள் அதிகம். புத்தகத்தை வெளியே எடுக்கும்போது அந்த டேப் அட்டையில் பட்டு உரித்துவிடும். சேகரிப்பாளர்கள் மத்தியில் அடிக்கடி நடக்கும் விபத்தே இதுதான்! மடித்து விட்டாலே போதும்.

அந்துருண்டை வாசனை காகிதத்தில் ஏறினால் போகாது, உடம்புக்கும் நல்லதல்ல. வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும், எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பது பூச்சிக்கு அதைவிட நல்ல மருந்து. பூச்சி இருந்தால் இறுக மூடிய கவரில் போட்டு இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், சாகும். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் புத்தகத்தின் மேல் வியர்வையாகப் படியும்.

அட்டை முதல் கடைசி விளம்பரம் வரை ஒரு பிரதி எடுத்து வைப்பதும் காப்பதில் ஒரு பகுதி. ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு வெடிக்கும். புத்தகத்தை வி வடிவில் பாதி திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து போனில் எடுத்தால் போதும்.

யாரிடம் கொடுப்பது?

உங்களிடம் இருப்பது ஒன்றிரண்டு நைந்த இதழ்கள் என்றால் மேலே சொன்னதே போதும். முதல் இதழ்கள், முழு வரிசை, அல்லது வேறெங்கும் பார்க்காத புத்தகம் என்றால் நிபுணரிடம் போகலாம். இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் பெங்களூருவிலேயே இருக்கிறது. ஓவியம் முதல் காகிதம் வரை கட்டணத்துக்குச் செய்கிறார்கள். தமிழ் அச்சுப் பொருட்கள் என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் 1994இல் அந்த நூலகமாக மாறின. பாதியில் கிழிந்த இதழைக்கூட "இது குப்பை" என்று சொல்லாத இடம்.

தனியார் புத்தக ரிப்பேர் கடையில் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பசை போடுவீர்கள்? ஓரத்தைச் சீவுவீர்களா? பின்னாளில் வேண்டுமென்றால் இந்த ஒட்டைப் பிரிக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் ஜென்மத்துக்கும் பிரியாது சார்" என்று பெருமையாகப் பதில் வந்தால், புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.